உடைவதற்கு முன்னும் பின்னும்

எலெக்ட்ரிக் கிதாரைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல உனக்கு என்ன யோக்யதை என்று யாராவது கேட்டால், நான் பேசாமல் இருந்துவிட வேண்டியதுதான். எனக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. நாற்பது வயது தாண்டும் வரையில், அந்த வாத்தியம் கரகரவென்று அலற ஆரம்பித்தால் ரேடியோவை மூடிவிடுகிற ஜாதியைச் சேர்ந்தவனாகத்தான் இருந்தேன். போன வருஷம் கலிபோர்னியாவில், ஃப்ரீமான்ட் என்ற ஊரில் இருக்கும் என் அக்கா வீட்டில் ஆறு வாரம் தங்கும்படி நேர்ந்தது. அவளுடைய பிள்ளை, கார் நிறுத்துகிற கொட்டகையில் ஒரு ஆம்ப்ளிஃபையரை வைத்துக்கொண்டு, சாயங்காலம்தோறும் அதன் குமிழ்களைத் திருகிக்கொண்டிருப்பான். எனக்கு வேறு வேலை இல்லை. நானும் போய் உட்கார்ந்தேன்.

"இதை விற்றுவிடப் போகிறேன், மாமா" என்றான் இரண்டாம் நாள்.

ஏன் என்று கேட்டேன்.

"இங்கே தனியாக வாசித்தால் பிரமாதமாக இருக்கிறது. நாலு பேரோடு சேர்ந்து வாசித்தால் நான் இருப்பதே தெரியவில்லை."

தனியாகப் படித்தால் பிரமாதமாக இருந்து, கதைக்குள் கொண்டுபோய் வைத்தால் காணாமல் போய்விடுகிற வர்ணனைகளை நானும் எழுதியிருக்கிறேன். ஆகவே அவன் சொன்னது உடனே எனக்குப் புரிந்தது. அந்தப் பெட்டியின் மேல் அக்கறை ஏற்பட்டதும் அப்போதுதான்.

பெட்டியின் பெயர் மெஸா பூகி மார்க் ஃபைவ். 2009-ல் வெளிவந்தது, இவன் வாங்கியது இரண்டாம் கை. உள்ளே ஏழு சிறிய வால்வுகளும் நாலு பெரிய வால்வுகளும் இருக்கின்றன. டிரான்ஸிஸ்டர் வந்ததும் வீட்டு ரேடியோவிலிருந்து விடைபெற்றுக்கொண்ட அதே வால்வுதான். கிதார்க்காரர்கள் மட்டும் இன்னும் அதை விட மனசில்லாமல் இருக்கிறார்கள். முன்பக்கத்தைப் பார்த்தால் பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் ஞாபகம் வருகிறது. மூன்று சானல்கள். ஒவ்வொன்றிலும் மூன்று விதமான தொனி; ஆக ஒன்பது. ஒவ்வொரு சானலுக்கும் கெயின், ட்ரெபிள், மிடில், பேஸ், ப்ரெஸன்ஸ், மாஸ்டர் என்று ஆறு குமிழ்கள். 90 வாட்டா, 45 வாட்டா, 10 வாட்டா என்று தீர்மானிக்கத் தனி சுவிட்சுகள். இதெல்லாம் போதாதென்று நடுவில் ஏறி இறங்குகிற ஐந்து கட்டைகள். கிராஃபிக் ஈக்வலைசர் என்று பெயர். இத்தனையையும் வைத்துக்கொண்டு ஒருவனால் எப்படி நிம்மதியாக வாசிக்க முடிகிறது என்பது எனக்கு முதலில் ஆச்சரியமாகத்தான் இருந்தது. முடியவில்லை என்பது பிறகு தெரிந்தது.

உடைந்த ஒலியை மனிதர்கள் ஏன் விரும்ப வேண்டும்? இந்தக் கேள்வியைத் தாண்டாமல் மேலே போக முடியாது. வால்வு, தனக்கு வருகிற சிறு அலையைப் பெரிதாக்கித் தருகிறது. ஒரு எல்லை வரையில் அசலை அப்படியே பெருக்கும். எல்லைக்கு மேல் திணித்தால் அலையின் சிகரங்கள் மழுங்கிப்போகின்றன. அந்த மழுங்கலில், தந்தியில் அவ்வளவாக இல்லாத உபநாதங்களெல்லாம் கிளம்பிவிடுகின்றன. என்ஜினீயருக்கு இது குற்றம். 1951-ல் மெம்ஃபிஸ் நகரத்தில் 'ராக்கெட் 88' என்ற பாட்டைப் பதிவு செய்தபோது, வழியில் சேதப்பட்டுப்போன ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கரில் காகிதத்தைத் திணித்து ஒப்பேற்றினார்கள். அந்தக் கரகரப்பையே ஜனங்கள் ரசித்தார்கள். 1964-ல் லண்டனில் டேவ் டேவிஸ் என்ற இளைஞர் தம் ஸ்பீக்கரை சவர பிளேடால் கிழித்துவிட்டு வாசித்தார். விபத்தாக வந்தது வேண்டுதலாகிவிட்டது.

நம்மவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டியதில்லை. தம்புராவின் குதிரைமேல் தந்திக்கு அடியில் ஒரு நூலைச் செருகி, அதை மயிரிழை மயிரிழையாக நகர்த்துகிறோமே, எதற்காக? சுத்தமான தந்தியின் ஒலி போதாது, அது லேசாக உரசி ரீங்காரமிட வேண்டும் என்பதற்காகத்தானே? ஸர் சி. வி. ராமன் 1921-ல் வீணையையும் தம்புராவையும் ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். குறிப்பிட்ட இடத்தில் தந்தியை மீட்டினால் குறிப்பிட்ட உபநாதங்கள் எழக்கூடாது என்பது மேல்நாட்டு சாஸ்திரம். நம் குதிரையின் அமைப்பினால் அந்த உபநாதங்களும் எழுகின்றன என்று அவர் காட்டினார். உரசலை நாமும் வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறோம். எவ்வளவு உரசல் என்பதில்தான் பேதம். நூலை ஒரு இம்மி அதிகம் தள்ளினால் தம்புராவும் ஈ மொய்க்கிற மாதிரிதான் கேட்கும்.

சரி, பையனின் கதைக்கு வருகிறேன். அவன் வைத்திருந்த அமைப்பு இது: கெயின் ஏறக்குறைய முழுசாக. பேஸ் பாதிக்கு மேல். ஐந்து கட்டைகளில் இரண்டு ஓரங்களும் உச்சியில், நடுக்கட்டை பாதாளத்தில். தூரத்திலிருந்து பார்த்தால் ஆங்கில 'வி' எழுத்துப் போல. தந்தியைத் தொட்டால் கொட்டகையே அதிர்ந்தது. சமையலறை அலமாரியில் அக்காவின் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. முதல் ஐந்து நிமிஷம் நானும் அசந்துதான் போனேன். பிறகு, "நீ இப்போது வாசித்ததில் எந்த ஸ்வரம் எங்கே மாறியது என்று எனக்குத் தெரியவில்லை" என்றேன். அவனுக்குக் கோபம் வந்தது. மறுநாள் அவனே, தான் வாசித்ததைப் பதிவு செய்து கேட்டுவிட்டு, "ஆமாம் மாமா, சேறு மாதிரி இருக்கிறது" என்று ஒப்புக்கொண்டான்.

சேறு எங்கிருந்து வந்தது என்பதற்கு இந்தப் பெட்டியின் பூர்வோத்தரம் தெரிய வேண்டும். அந்தக் கதையும் ருசியானதுதான். 1960-களின் கடைசியில், ஸான் ஃபிரான்ஸிஸ்கோ வட்டாரத்தில் ராண்டால் ஸ்மித் என்ற ரிப்பேர்க்காரர் இருந்தார். பாரி மெல்டன் என்ற கிதார்க்காரர் ரிப்பேருக்குக் கொடுத்த 'ஃபெண்டர் பிரின்ஸ்டன்' என்கிற பொடி ஆம்ப்ளிஃபையருக்குள், வேடிக்கைக்காக ஒரு பெரிய ஆம்ப்ளிஃபையரின் உள்ளமைப்பையும் 12 அங்குல ஸ்பீக்கரையும் திணித்துவிட்டார். பார்த்தால் எலி, குரல் புலி. கடையில் அதை வாசித்துப் பார்த்த கார்லோஸ் ஸந்தானா, குட்டியாக இருந்துகொண்டு இது என்னமாய் 'பூகி' ஆடுகிறது என்று வியந்தாராம். பெயர் அதிலிருந்து வந்தது. பிறகு ஸ்மித் பெடலூமாவில் தம் தொழிலை நிலைப்படுத்திக்கொண்டார். அக்கா வீட்டிலிருந்து வடக்கே இரண்டு மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் அடங்குகிற ஊர் அது. 2021-ல் கிப்ஸன் கம்பெனி அதை வாங்கிக்கொண்டது.

இதில் கவனிக்க வேண்டியது, ஸ்மித் ஃபெண்டரின் வரைபடத்திலிருந்து புறப்பட்டார் என்பது. ஃபெண்டரில் ட்ரெபிள், மிடில், பேஸ் குமிழ்கள் முதல் வால்வை அடுத்து உட்கார்ந்திருக்கின்றன. ஸ்மித் அவற்றை அங்கேயே விட்டுவிட்டு, அவற்றுக்குப் பின்னால் மேலும் மேலும் வால்வுக் கட்டங்களைச் சேர்த்தார். ஒன்று பெருக்கியதை அடுத்தது பெருக்கும். அது பெருக்கியதை அதற்கடுத்தது. அங்கேதான் ஒலி உடைகிறது. ஆகவே இந்தப் பெட்டியில் அந்த மூன்று குமிழ்களும் ஒலி உடைவதற்கு முன்னால் இருக்கின்றன. இங்கிலாந்தில் ஜிம் மார்ஷல் 1962-ல் விற்க ஆரம்பித்த ஆம்ப்ளிஃபையர்களில் அவை வால்வுக் கட்டங்களுக்குப் பின்னால் வருகின்றன. பெயரும் முகமும் ஒன்றாக இருந்தாலும் வேலை வேறு. மார்ஷலில் பேஸைக் கூட்டினால் உடைந்து முடிந்த ஒலிக்குக் கொஞ்சம் கனம் சேர்கிறது. பூகியில் பேஸைக் கூட்டினால் எது உடைய வேண்டும் என்பதே மாறிவிடுகிறது.

அடித் தந்தியின் அலைதான் எல்லாவற்றிலும் பெரிய அலை. அதைக் குறைக்காமல் உள்ளே அனுப்பினால் வால்வின் எல்லை முழுவதையும் அதுவே ஆக்கிரமித்துக்கொள்கிறது. கல்யாண வீட்டில் முதல் பந்தியிலேயே உட்கார்ந்து எழுந்திருக்க மறுக்கிற பந்துவைப் போல. மேலே இருக்கிற நுட்பங்களுக்கு இலை கிடைப்பதில்லை. அதோடு, உடைகிற ஒலியில் இரண்டு ஸ்வரங்கள் சேர்ந்து ஒலித்தால் அவற்றின் கூட்டலும் கழித்தலுமாக வேறு ஒலிகள் பிறக்கின்றன. ஸட்ஜமும் பஞ்சமமும் இரண்டுக்கு மூன்று என்ற கணக்கில் இருப்பதால், கழித்தலில் பிறப்பது கீழ் ஸட்ஜம். ஒன்றும் கெட்டுப்போவதில்லை, பலம்தான் கூடுகிறது. இந்தச் சங்கீதம் ஸட்ஜ-பஞ்சமத்தை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு அதுதான் காரணம். நான் அதைக் கற்பனை வறட்சி என்று நினைத்திருந்தேன். அந்தர காந்தாரத்தைச் சேர்த்தால் கதை வேறு. கிதாரின் மெட்டில் காந்தாரம் சுத்தமாக விழுவதில்லை, கொஞ்சம் தூக்கல். சாதாரண ஒலியில் காது மன்னித்துவிடுகிற அந்தத் தூக்கல், உடைந்த ஒலியில் சண்டை போட ஆரம்பித்துவிடும். அடியில் பேஸ் வேறு நிரம்பி வழிந்தால் கேட்க வேண்டியதில்லை.

"பேஸை எடுத்துவிட்டுப் பார்" என்றேன்.

"அப்புறம் கனம் எங்கிருந்து வரும், மாமா?"

பெட்டியோடு கொடுக்கிற கையேட்டை அவன் அதுவரை புரட்டியதே இல்லை. கெயின் ஏறும்போது பேஸை இறக்கு என்று அதிலேயே போட்டிருக்கிறது. கிதார்க்காரர்கள் குமிழின் நிலையைக் கடிகாரத்தை வைத்துச் சொல்கிறார்கள். பன்னிரண்டு மணி என்றால் நடு. பேஸை எட்டு மணிக்கு இறக்கினான், கிட்டத்தட்ட பூஜ்யம். ட்ரெபிளை இரண்டு மணிக்கு ஏற்றினான். இந்த ட்ரெபிள் விஷயமும் விசித்திரமானது. மூன்று குமிழ்களும் ஒரே குடும்பத்துச் சொத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறவை. ட்ரெபிள்தான் மூத்தவன், அவன் அதிகம் எடுத்துக்கொண்டால் மற்ற இருவரின் பேச்சு எடுபடாது. வால்வுகளை உடைக்கத் துரத்துவதிலும் அவனுக்கே முதல் பங்கு. பெயர்தான் ட்ரெபிள், காரியத்தில் அவனும் ஒரு கெயின். ஃபெண்டர் வழி வந்த இந்த அமைப்பில் மூன்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனால் அநேகமாகச் சத்தமே வராது என்று கேட்டபோது நான் சிரித்துவிட்டேன்.

இப்போது ஒலி மெலிந்து, எலும்பாக, முகத்தில் அடிக்கிற மாதிரி இருந்தது. ஆனால் ஒவ்வொரு மீட்டும் தனித்தனியாகக் கேட்டது. உள்ளங்கையைத் தந்தியில் வைத்து அமுக்கி அடித்தபோது, சுத்தியல் ஆணியில் விழுகிற மாதிரி ஒரு கச்சிதம். அதன் பிறகுதான் அந்த ஐந்து கட்டைகளுக்கு வேலை. அவை வால்வுக் கட்டங்களையெல்லாம் தாண்டி, உடைந்து முடிந்த ஒலியின்மேல் வேலை செய்கின்றன. 80, 240, 750, 2200, 6600 என்று அதிர்வு எண்கள் போட்டிருக்கும். முதல் கட்டையைக் கொஞ்சம் உயர்த்தியதும், போன கனம் திரும்பி வந்தது, சேறு இல்லாமல். முன்னால் கழித்ததைப் பின்னால் கூட்டு: இந்தப் பெட்டியின் ரகசியம் அவ்வளவுதான். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு, எதற்காக ஒரு கையால் எடுத்து இன்னொரு கையால் கொடுக்க வேண்டும் என்று தோன்றும். நடுவில் உடைதல் நடந்திருக்கிறது என்பதை அவன் மறந்துவிடுகிறான். நான் எழுதுகிற தொழிலிலும் இது உண்டு. துக்கக் காட்சிக்கு முன்னாலேயே துக்கத்தைக் கொட்டிவிட்டால், காட்சி வரும்போது உடைவதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது.

விற்பனை எண்ணம் அதோடு தீர்ந்ததா என்றால், இல்லை. சனிக்கிழமை ஒத்திகைக்குப் போய்விட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். "கொஞ்சம் பரவாயில்லை. ஆனாலும் காணோம்."

இப்போது குற்றவாளி அந்த 'வி'. நடுக்கட்டை 750-ல் இருக்கிறது. அதைப் பாதாளத்தில் தள்ளியிருந்தான். இதை அவன் எங்கிருந்து கற்றுக்கொண்டான் என்பது எனக்குத் தெரியும். மெடாலிகா கோஷ்டியின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' என்ற 1986-ம் வருஷத்து ஆல்பத்தை அவன் பூஜை செய்கிறவன். அதற்குப் பயன்பட்டது இதே பூகியின் பாட்டனாரான மார்க் டூ-ஸி-ப்ளஸ். மார்க் ஃபைவின் மூன்றாவது சானலில் ஒரு தொனிக்கு அந்தப் பெயரையே வைத்திருக்கிறார்கள். அந்த ஆல்பத்தை நானும் பொறுமையாக நாலைந்து தடவை கேட்டேன். பாட்டுக்களெல்லாம் எனக்குப் பிடித்துவிட்டதாகச் சொன்னால் பொய். நீளம் அதிகம், ஆவேசத்தை வைத்துக்கொண்டே எட்டு நிமிஷம் ஓட்ட முடியும் என்ற நம்பிக்கையில் எனக்கு சம்மதமில்லை. ஆனால் அந்தக் கிதார் ஒலி, சந்தேகமில்லாமல், கலைஞன் வேலை. நடு தாழ்ந்து, அடியும் நுனியும் நின்று, கத்தரிக்கோலால் வெட்டிய மாதிரி ஒவ்வொரு தட்டும் ஆரம்பித்து ஒவ்வொரு தட்டும் முடிகிறது. இரண்டு தட்டுக்கு நடுவில் இருக்கிற மௌனம்கூடக் கேட்கிறது.

அந்த ஒலி கோபன்ஹேகன் நகரத்து ஸ்டுடியோவில், ஒரே வாசிப்பை மறுபடி மறுபடி வாசித்து அடுக்கி, மற்ற வாத்தியங்களையெல்லாம் அதற்கு வழிவிடச் செய்து உண்டாக்கியது. முடிந்த ஓவியத்திலிருந்து ஒரு நிறத்தைச் சுரண்டியெடுத்துத் தன் சுவரில் பூசிக்கொள்கிறான் பையன். கொட்டகை ஒத்திகையில் பேஸ் கிதார் அடியைப் பிடித்துக்கொண்டுவிட்டது. தாளத் தட்டுகள் நுனியைப் பிடித்துக்கொண்டுவிட்டன. இவனுக்கு மிச்சமிருக்கிற வீடு நடுவில்தான் இருக்கிறது. அந்த வீட்டை இவனே இடித்துவிட்டுத் தெருவில் நிற்கிறான். வீட்டில் மட்டும் ஏன் அது அவ்வளவு இனித்தது? மெதுவான ஒலியில் நம் காது அடியையும் நுனியையும் குறைவாகவே கேட்கிறது என்று ஃப்ளெட்சர், மன்ஸன் என்ற இருவர் 1933-லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். சின்ன சத்தத்துக்கு 'வி' ஒரு ஊன்றுகோல். சத்தம் பெரிதானதும் அதே ஊன்றுகோல் காலைத் தடுக்குகிறது.

ஸந்தானாவின் 'யூரோப்பா'வை அவனுக்குப் போட்டுக் காட்டினேன். 1976-ல் வந்தது. அதுவும் பூகிதான், ஆதிப் பூகி. அதில் ஒரே ஸ்வரம் அப்படியே நிற்கிறது, நின்றுகொண்டே கனிகிறது. நாதஸ்வரக்காரர் மூச்சை அடக்கிக் கார்வை கொடுக்கிற இடங்களில் நமக்கு நெஞ்சு எப்படி நிற்குமோ அப்படி. அந்த ஸ்வரம் முழுவதும் நடுதான். மற்ற வாத்தியங்களை விலக்காமலே முன்னால் வந்து நிற்கிறது. ஒரே குடும்பத்து யந்திரத்திலிருந்து இந்த இரண்டு ஒலிகளும் வந்தன என்பதைத்தான் நான் இந்தப் பெட்டியின் பெருமையாகச் சொல்வேன். ஒன்பது தொனிகளை அல்ல. இன்னும் சொல்லப்போனால் அந்த ஒன்பதில் சில வெறும் பட்டியலுக்காக இருக்கின்றன என்பது என் எண்ணம். 'எக்ஸ்ட்ரீம்' என்று ஒன்று இருக்கிறது. பெயருக்கேற்ற முரட்டுத்தனம், வேறு விசேஷம் எனக்குத் தட்டுப்படவில்லை. இரண்டாவது சானலில் 'மார்க் ஒன்' என்று இருப்பது அருமையானது. பையன் அதைத் தொட்டதே இல்லை. எல்லாம் செய்ய முடிகிற கருவியிடம் போனால், தனக்கு என்ன வேண்டும் என்று தெரியாதவன் எதையுமே செய்யாமல் திரும்புகிறான். மூன்று குமிழ் மட்டுமே உள்ள பழைய பெட்டிக்காரனுக்கு இந்த ஆபத்து இல்லை. அதற்காகப் பழைய பெட்டிதான் உயர்ந்தது என்று வாதாடுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். வறுமையை விரதம் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

பிரபல வித்வான்களின் குமிழ் நிலைகளை அட்டவணையாக எழுதிச் சுவரில் ஒட்டிவைத்திருந்தான். அதன் மேல் எனக்கு மரியாதை வரவில்லை. அவர் கிதார் வேறு, அவர் ஸ்பீக்கர் வேறு, அறை வேறு. எல்லாவற்றுக்கும் மேல் கை வேறு. ஸ்பீக்கருக்கு முன்னால் வைத்த மைக்கை ஒரு அங்குலம் நகர்த்தினாலே தொனி மாறுவதை அந்தக் கொட்டகையிலேயே கேட்டேன். மணிக்கணக்கை நகல் எடுத்து என்ன பிரயோஜனம்?

அடுத்த சனிக்கிழமை ஒத்திகைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனான். இன்னொரு பையனின் கொட்டகை. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்தேன். முதல் பாட்டில் ஒன்றும் சரிப்படவில்லை. இரண்டாம் பாட்டுக்கு முன்னால், எல்லோரும் வாசித்துக்கொண்டிருக்கும்போதே, நடுக்கட்டையை மெதுவாக மேலே தள்ளினான். நடுக்கோட்டைத் தாண்டிக் கொஞ்சம். முதல் கட்டையை இறக்கினான். பிறகு, அவனுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், கெயினையும் பாதிக்கு இறக்கினான். சத்தத்தின் அளவு கூடவில்லை. ஆனால் அவன் வாசித்த ஒவ்வொரு தட்டும் அந்த அமளிக்கு நடுவில் வழி கண்டுபிடித்து என்னிடம் வந்து சேர்ந்தது. பேஸ் கிதார் பையன் நிமிர்ந்து பார்த்தான். "என்ன பண்ணினாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். இவன் ஒன்றும் சொல்லவில்லை.

மற்றவர்கள் ஓய்வெடுக்கும்போது அதே அமைப்பில் தனியாக நாலு தட்டு வாசித்துப் பார்த்தான். அசிங்கமாக இருந்தது. மூக்கடைத்தவன் பேசுகிற மாதிரி, கஞ்சத்தனமாக. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் கையை விரித்தேன்.

பெட்டியை விற்கவில்லை. அந்த ஐந்து கட்டைகளைக் காலால் மிதித்து வேண்டும்போது சேர்க்கவும் விலக்கவும் வசதி இருக்கிறது. ஒரு அமைப்பைக் கட்டைகளிலும் இன்னொன்றைத் தனிக் குமிழிலும் வைத்துக்கொள்ளலாம். கட்டைகள் கோஷ்டிக்கு என்று வைத்துக்கொண்டான். குமிழில் என்ன வைத்தான் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் புறப்படுவதற்கு முதல் நாள் ராத்திரி, சாப்பாட்டுக்குப் பிறகு கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் வாசித்தான். அலமாரியில் டம்ளர்கள் மறுபடியும் இடித்துக்கொள்ள ஆரம்பித்தன. அக்கா கை வேலையை விட்டுவிட்டு, அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் துணி விரித்துக் கவிழ்த்து வைத்தாள்.